யூசி ட்ரான்ஸ்ஃபருக்குத் தனியார் ஆலோசகரைத் தேடுகிறீர்களா? எங்கள் 6,800 டாலர் போன கதையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்

கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் படிக்கும் பிள்ளையைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) நல்ல வளாகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டில் சேர்ப்பதற்காக ஆலோசனை நிறுவனத்தைத் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர், பணம் அனுப்புவதற்கு முன் தயவுசெய்து இதைப் படியுங்கள். நாங்கள் 6,800 டாலர் கொடுத்தோம். கிடைத்தது என்ன என்பதைக் கீழே சொல்கிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனெனில் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகும் போலிருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் கடைத்தெரு மாடியில் அலுவலகம் வைத்து, வாட்ஸ்அப் குழுக்களில் இலவசக் கருத்தரங்கு என்று அழைப்பு அனுப்பி ஆள் பிடிக்கும் வகையைச் சேர்ந்தது என்பது போதும். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதையும் முடிவில் விரிவாக எழுதுகிறேன்.

எங்களை நம்ப வைத்தது விளம்பரம் அல்ல, அந்த ஆலோசகர் பேசிய பேச்சு. 2019இல் வெளிவந்த கல்லூரிச் சேர்க்கை ஊழலை அவரே முதலில் எடுத்தார். ரிக் சிங்கர் என்பவர் பணக்காரப் பெற்றோரிடம் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, விளையாட்டே தெரியாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டி உள்ளே நுழைத்ததையும், 2023 ஜனவரியில் அவருக்கு மூன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்ததையும் விவரமாகச் சொல்லிவிட்டு, "அந்த மாதிரி ஆளுங்க இருக்கற ஊருங்க இது. நாங்க எல்லாமே நேர்வழிதான், அக்கா. உங்க பொண்ணு எனக்குத் தங்கச்சி மாதிரி" என்றார். ஊழலைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறவர் ஊழல் செய்யமாட்டார் என்றுதான் யாருக்கும் தோன்றும். மேசையில் ஒரு நீலக் கோப்பு இருந்தது. அதன் முகப்பில் என் மகளின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது, கீழே "பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், டேவிஸ்" என்று மூன்று வளாகங்களும் தங்க எழுத்தில் இருந்தன. அந்தக் கோப்பைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததைக் கண்ட பிறகு வேறு நிறுவனத்தைப் பார்க்கலாம் என்று சொல்ல எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. கிரெடிட் கார்டு என்றால் 3 சதவீதம் கூடுதல், ஜெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக அனுப்பினால் தள்ளுபடி என்றார்கள். அந்தத் தள்ளுபடி யாருக்கு லாபம் என்பது பிறகுதான் தெரிந்தது. 6,800 டாலரும் ஜெல்லில் போயிற்று.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்காக யூசியே நடத்தும் டேக் (TAG) என்ற திட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட பாடங்களையும் மதிப்பெண் சராசரியையும் எட்டிய மாணவருக்கு டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஏதாவது ஒன்றில் இடம் உறுதி செய்யப்படுகிறது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ ஆகிய மூன்றும் இதில் கிடையாது. இதற்கு ஒரு காசு கட்டணம் இல்லை. செப்டம்பர் 1 முதல் 30 வரைதான் விண்ணப்பிக்க முடியும், தேதி தவறினால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். நிறுவனத்தின் விளம்பரத் தாளில் "யூசியில் இடம் உறுதி" என்று பெரிதாகப் போட்டிருந்தார்களே, அந்த உறுதி இந்த இலவசத் திட்டத்தைத்தான் குறித்தது என்பது எங்களுக்குத் தெரியாது. பல்கலைக்கழகம் சும்மா கொடுப்பதைத் தங்கள் சரக்காக விலை போட்டு விற்றிருக்கிறார்கள். அதையாவது செய்து கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. செப்டம்பர் நடுவில், காலேஜில் தோழிகள் எல்லோரும் டேக் போடுகிறார்கள் என்று மகள் கேட்டபோது, டேவிஸுக்கு டேக் போட்டால் பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் அவளை இரண்டாம் தரமாகப் பார்க்கும் என்று சொல்லித் தடுத்திருக்கிறார் அந்த ஆலோசகர். இது முழுப் பொய். டேக் போட்ட மாணவர் மற்ற வளாகங்களுக்கும் வழக்கம்போல விண்ணப்பிக்கலாம், அதனால் எந்தக் குறைவும் வராது என்று அவளுடைய காலேஜ் கவுன்சலர் நவம்பரில் எங்களுக்கு விளக்கினார். பொருளாதாரப் பிரிவுக்கு டேவிஸில் டேக் பெற என் மகளுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது என்றும் அவரே சொன்னார். கையில் இருந்த ஓர் உறுதியான இடம், 6,800 டாலர் வாங்கிய ஒருவரின் வாய்ச்சொல்லால் போயிற்று.

பாடத் தேர்விலும் இதே கதை. எந்தக் கம்யூனிட்டி காலேஜின் எந்தப் பாடம் எந்த யூசி வளாகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்பதை அசிஸ்ட் என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். எங்கள் ஆலோசகர் வரைந்து கொடுத்த "தனிப்பயன் பாடத்திட்டம்" என்ற பளபளப்பான தாளில், முழுமையான கால்குலஸ் வரிசைக்குப் பதிலாக வணிக மாணவர்களுக்கான சுருக்கமான கால்குலஸ் பாடம் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தின் பொருளாதாரப் பிரிவுக்கு அது கணக்கில் வராது. காலேஜ் கவுன்சலர் இதைக் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட நேரம் ஒரு காபி ஆறும் நேரம்கூட இருக்காது. குளிர்கால, வசந்தகாலப் பருவங்களில் சரியான பாடங்களை எடுத்து இதை ஈடுகட்ட முடியும் என்பது ஒன்றே ஆறுதல். இன்னொரு வேடிக்கையும் உண்டு. எங்கள் தொகுப்பில் "பரிந்துரைக் கடித ஏற்பாடு" என்று தனியாக ஒரு தொகை இருந்தது. யூசி விண்ணப்பத்தோடு பரிந்துரைக் கடிதங்களை வாங்குவதே இல்லை.

கட்டுரை விஷயம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. ட்ரான்ஸ்ஃபர் மாணவர்கள் நான்கு கேள்விகளுக்குத் தலா 350 சொற்களுக்குள் பதில் எழுத வேண்டும். அவற்றுள், தேர்ந்தெடுத்த பிரிவுக்கு எப்படித் தயாராகியிருக்கிறீர்கள் என்ற கேள்வி கட்டாயம். மளிகைக் கடையில் வார இறுதிகளில் பில் போட்ட என் மகள், முட்டை விலை ஏறியபோது யார் எதைக் கூடையிலிருந்து திருப்பி வைத்தார்கள் என்று கவனித்ததிலிருந்து பொருளாதாரத்தில் ஆர்வம் வந்ததைத் தன் பதிலில் எழுதியிருந்தாள். "மெருகேற்றித் தருகிறோம்" என்று வாங்கிப் போனவர்கள், விண்ணப்பக் கெடுவுக்கு முந்தைய வாரம் திருப்பி அனுப்பியபோது அதில் மளிகைக் கடையைக் காணோம். அதற்குப் பதிலாக, வறட்சியில் வாடிய "என் தந்தையின் பாதாம் தோட்டம்" வந்திருந்தது. எங்கள் வீட்டில் இருப்பது பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி மட்டும்தான். வேறு யாரோ ஒரு பிள்ளையின் வாழ்க்கையைப் பெயர் மாற்றி எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "எல்லாம் ரெடி, சப்மிட் மட்டும் அழுத்தச் சொல்லுங்க" என்ற செய்தியும் கூடவே வந்தது. விண்ணப்பங்களில் உள்ளவை உண்மையா, நகல் எடுத்தவையா என்று யூசி சரிபார்க்கிறது, பொய் கண்டுபிடிக்கப்பட்டால் எல்லா வளாகங்களிலும் விண்ணப்பம் ரத்தாகலாம். அவள் படித்துப் பார்க்காமல் அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. நான்கு பதில்களையும் மீண்டும் தானே எழுதி, தானே அனுப்பினாள்.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் தட்டிக்கழிப்புத்தான். ஆலோசகரைக் கூப்பிட்டால் "டீமிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். டீமைக் கூப்பிட்டால் மின்னஞ்சலில் புகார் பதிவு செய்யச் சொன்னார்கள். மின்னஞ்சலுக்கு, சேவை தொடங்கிய பிறகு பணம் திருப்பித் தரப்படாது என்ற ஒப்பந்த விதியை மட்டும் வெட்டி ஒட்டிப் பதில் வந்தது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போய் நின்றபோது வரவேற்பறைப் பெண், "ரிசல்ட் ஏப்ரல்லதானே மேடம், அப்போ பேசிக்கலாம்" என்றார். அக்கா என்ற அழைப்பு அதற்குள் மேடமாக மாறியிருந்தது. கடைசியாக ஒரு சமரசத்துக்கு வந்தார்கள், பணத்துக்குப் பதிலாக என் மகனுக்கு யூசி சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வுப் பயிற்சியைப் பாதி விலையில் தருகிறார்களாம். யூசி சேர்க்கையில் எஸ்ஏடி மதிப்பெண்ணைப் பார்ப்பதை நிறுத்தி ஆண்டுகள் ஆகின்றன. நம்மை எவ்வளவு முட்டாள்களாக நினைத்திருக்கிறார்கள் பாருங்கள். வங்கியோ, நீங்களே விரும்பி அனுப்பிய ஜெல் பணத்தைத் திரும்பப் பெற முடியாது என்று கைவிரித்துவிட்டது. 6,800 டாலர் என் கணவரின் லேஆஃபுக்குப் பிறகு சேமிப்பிலிருந்து எடுத்த பணம்.

பணத்தைக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிட்டோம். பதில் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம்தான். கலிஃபோர்னியாவில் தனிநபர்கள் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம், எங்கள் தொகைக்கு வழக்குப் பதியும் கட்டணம் 75 டாலர், இரு தரப்பும் வழக்கறிஞர் இல்லாமல்தான் நிற்க வேண்டும்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன், இப்போது அதற்கான பொறுமை இல்லை. உங்கள் காலேஜின் ட்ரான்ஸ்ஃபர் கவுன்சலரை முதலில் பாருங்கள், அது இலவசம். செப்டம்பரில் டேக் போடாதே என்று எவராவது சொன்னால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஜெல்லில் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். பிள்ளையின் கட்டுரையைப் பிள்ளையே கடைசியாக ஒருமுறை படிக்கட்டும். விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல் இப்படிப்பட்ட நிறுவனத்திடம் இருந்தால் இன்றே மாற்றுங்கள், ஏனெனில் ஜனவரி இறுதிக்குள் மதிப்பெண்களையும் பாடங்களையும் அதே கணக்கில்தான் புதுப்பிக்க வேண்டும்.