இறக்கத்துக்குப் பிறந்த பைக்கில் ஏற்றம்: கிராவிட்டி பைக்கா, எக்ஸ்சி பைக்கா?

பைக் என்று நான் சொல்வது மோட்டார் இல்லாத மலைச் சைக்கிளை. அதிர்வைத் தாங்கி அமுங்கும் சஸ்பென்ஷன் முன்னால் 100 மில்லிமீட்டர், பின்னால் 100 மில்லிமீட்டர். இறக்கத்தில் பாய்வதற்கென்றே செய்த கிராவிட்டி பைக்குக்கும் (ஃபோர் கிராஸ் பந்தய வகை, தாவி வித்தை காட்டும் ஸ்லோப்ஸ்டைல் வகை) இதே கணக்கு. ஏற்றமும் இறக்கமுமாக நீண்ட நேரம் மிதிக்கிற, எக்ஸ்சி என்கிற கிராஸ் கன்ட்ரி பைக்குக்கும் இதே கணக்கு. காகிதத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி. நானும் அப்படித்தான் நம்பி, கைமாறி வந்த ஒரு கிராவிட்டி ஃப்ரேமை வாங்கி, அதில் காட்டுப்பாதை ஓட்ட ஆரம்பித்தேன். மூன்றாவது வாரமே முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது.

அதன் பிறகு ஒரு ஃப்ரேமை உடைத்து, இன்னொன்று வாங்கி, நண்பனுடைய எக்ஸ்சி பைக்கை ஒரு மாதம் மாற்றி ஓட்டிப் பார்த்து, கடைசியில் கிராவிட்டி பக்கமே நின்றுவிட்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு யாருக்கும் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரே ஒரு விஷயம் சரியாக அமைந்தால் மட்டும்தான்.

அந்த விஷயம் புரிய, இந்த பைக்குகள் எதற்காகச் செய்யப்பட்டன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். இருவர் மட்டும் மோதும் டூயல் ஸ்லாலம் பந்தயத்துக்குப் பதிலாக ஃபோர் கிராஸ் 2002-ல் உலக சாம்பியன்ஷிப்புக்குள் வந்தது. நான்கு பேர் ஒரே கேட்டிலிருந்து புறப்பட்டு, மேடும் வளைவுமாக வெட்டிய இறக்கத்தில் முட்டி மோதிக்கொண்டு பாய்வார்கள். ஒரு நிமிடம் போல ஓடும், முடிந்துவிடும். 2011 சீசனோடு உலகக் கோப்பையிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பந்தயம் ஒதுங்கிப்போனாலும் அதற்காகச் செய்த ஃப்ரேம்கள் ஊர் உலகமெல்லாம் கிடக்கின்றன, நல்ல உறுதியோடு. எக்ஸ்சி அப்படியில்லை. 1996 அட்லாண்டாவிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. மேல்மட்டப் பந்தயம் 80 முதல் 100 நிமிடம் வரை போகும், அதில் பாதிக்கு மேல் ஏற்றத்திலேயே கழியும்.

அந்த ஒரு நிமிடத்தில் யாரும் சீட்டில் உட்காருவதில்லை. நின்றபடியே தொடங்கி நின்றபடியே முடிப்பார்கள். சீட் இடைஞ்சல் இல்லாமல் கீழே கிடந்தால் போதும். அதனால் ஃப்ரேம் செய்தவர், ஓட்டுபவர் உட்கார்ந்தால் எங்கே இருப்பார் என்று கவலைப்பட்டதே இல்லை. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து மிதிக்கும் பைக்கில் அந்தக் கவலைதான் முதல் வேலை.

சரி, எல்லோரும் முதலில் கேட்பது எடை. என் பைக் 15.2 கிலோ இருந்தது, நண்பனுடையது 11.8. இறக்கத்துக்கான தடித்த டயர்கள் ஒவ்வொன்றும் 1,100 கிராம். அவற்றைக் கழற்றிவிட்டு 700 கிராம் டயர் போட்டதும் 14.4 ஆனது. இன்னும் 2.6 கிலோ வித்தியாசம் இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் ஏற்றத்தில் நாம் தூக்குவது பைக்கை மட்டும் இல்லை. பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து நான் 72 கிலோ. மொத்த எடையில் வித்தியாசம் 3 சதவீதம்தான். ஒரு மணி நேரம் ஏறுகிற இடத்தில் இரண்டு நிமிடம் கூட இல்லை. பந்தயத்தில் அது பெரிது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அது ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம். டயர் மாற்றியதில் கிடைத்த லாபத்தில் எடையை விட உருளும் சுகம்தான் பெரிய பங்கு.

அடுத்தது கியர். முன்னால் 36 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 28. பெடலை ஒரு சுற்று சுற்றினால் பைக் 2.66 மீட்டர் போகும். நண்பனுடைய 32-க்கு 51-ல் 1.44 மீட்டர். செங்குத்தான ஏற்றத்தில் முதல் கணக்கோடு போனால் முழங்காலை வாடகைக்கு விட்டது போல. முன்னால் 30, பின்னால் 42 என்று மாற்றினேன். இங்கே ஒரு வேடிக்கை: என் சக்கரம் 26 அங்குலம், அவனுடையது 29. சக்கரம் சிறியது என்பதால் எனக்கு 1.48 மீட்டர் ஆகிவிட்டது. 51 பல் காசெட் (பின்பல்சக்கரத் தொகுதி) வாங்காமலேயே ஏறக்குறைய அதே கியர். முன்னால் சிறிய பல்சக்கரம் (செயின்ரிங்) போட்டதில் ஒரு பக்க விளைவும் உண்டு. மிதிக்கும்போது பின் சஸ்பென்ஷன் ஆடுவது குறைந்தது, ஆனால் கல்லில் ஏறும்போது பெடல் காலைப் பின்னுக்கு உதைப்பது கொஞ்சம் கூடியது. பழகிவிடுகிறது. ஒன்றை மட்டும் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்: ஸ்லோப்ஸ்டைல் ஃப்ரேம் சிலவற்றில் கியர் மாற்றும் டெரெய்லர் மாட்ட இடமே இருக்காது. அப்படியென்றால் அங்கேயே பேச்சு முடிந்தது.

டயர், கியர் எல்லாம் கழற்றி மாட்டுகிற சமாச்சாரம். இப்போது கழற்ற முடியாத விஷயத்துக்கு வருகிறேன்.

சீட் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. கவட்டிலிருந்து தரை வரை கால் அளவை எடுத்து 0.883-ஆல் பெருக்க வேண்டும். கிராங்க் என்கிற பெடல் தண்டு சுழலும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை அவ்வளவு தூரம். எனக்குக் கால் அளவு 82 செ.மீ., ஆக 72.4 செ.மீ. என் முதல் ஃப்ரேமில் சீட் கம்பி இறங்கும் குழாயான சீட் ட்யூப் 34 செ.மீ. சீட்டின் கனம் 5 செ.மீ. போனால், ட்யூபுக்கு வெளியே அந்தக் கம்பி, அதாவது சீட் போஸ்ட், 33.4 செ.மீ. நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். என்னிடம் இருந்தது 40 செ.மீ. போஸ்ட். அதில் 10 செ.மீ. உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்று கோடு போட்டிருந்தது. கணக்குப் போட்டால் 3.4 செ.மீ. உதைக்கிறது.

நான் என்ன செய்தேன்? கோட்டைத் தாண்டி இழுத்தேன். எல்லோரும் செய்வதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதம் ஓடியது. அப்புறம் ஏற்றத்தில் மட்டும் ஒரு கிறீச் சத்தம். சீட் போஸ்டில் கிரீஸ் தடவினேன், பெடலை மாற்றினேன், கிராங்க் சுழலும் பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றித் துடைத்தேன். ஒரு நாள் கழுவும்போதுதான் பார்த்தேன்: சீட் ட்யூபும் மேல் ட்யூபும் சேரும் வெல்டிங்குக்குக் கீழே, பெயின்ட்டில் தலைமுடி போல ஒரு கோடு. நகத்தால் சுரண்டினால் நகம் மாட்டியது. அது பெயின்ட் இல்லை, அலுமினியமே விரிந்திருந்தது. நெம்புகோல் போல நின்ற போஸ்ட், 6.6 செ.மீ. பிடிமானத்தில் அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்திருக்கிறது. தப்பு ஃப்ரேம் மேல் இல்லை, என் மேல்.

உயரம் பாதிக் கதைதான். மீதிப் பாதி சாய்வு. அந்த ஃப்ரேமில் சீட் ட்யூப் தரையிலிருந்து 70 டிகிரி. இன்றைய எக்ஸ்சி பைக்குகளில் 75-ஐ ஒட்டி இருக்கும். ஐந்து டிகிரியில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் தோன்றும். 72.4 செ.மீ. உயரத்துக்கு ஏற்றிப் பாருங்கள்: 75 டிகிரியில் சீட் கிராங்குக்கு 18.7 செ.மீ. பின்னால் இருக்கும், 70-ல் 24.8 செ.மீ. பின்னால். ஆறு செ.மீ. வித்தியாசம். சீட்டை அடிக்கம்பியில் முன்னால் தள்ளினால் இரண்டு செ.மீ. மீட்கலாம். மீதி நாலு செ.மீ. ஃப்ரேமின் வெல்டிங்கில் எழுதியாகிவிட்டது. ட்யூப் சாய்ந்திருக்கும்போது சீட்டை எவ்வளவு மேலே ஏற்றுகிறோமோ அவ்வளவு அது பின்னாலும் போகும். கால் நீளமானவருக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

தட்டையான இடத்தில் இது பெரிதாகத் தெரியாது. ஏற்றத்தில்தான் வெளிச்சமாகும். 10 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுகிற பாதையில் பைக் முழுவதும் 5.7 டிகிரி பின்னால் சாய்கிறது. 70 டிகிரி 64 ஆகிறது. எடை பின்னுக்குப் போவதால் பின் ஷாக் இன்னும் அமுங்கி, மேலும் ஒன்றிரண்டு டிகிரியைத் தின்கிறது. நாம் பின்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்போம். பெடலைக் கீழே அழுத்துவதற்குப் பதில் முன்னால் தள்ளுவோம். முன்சக்கரம் காற்றில் அலையும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். வீட்டில் பைக்கைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்து, ஒரு கயிற்றில் நட்டைக் கட்டித் தூக்குக்குண்டு போல முழங்காலிலிருந்து விட்டுப் பார்த்தேன். பெடல் அச்சுக்கு நேராக விழ வேண்டிய நட்டு, நாலு விரற்கடை பின்னால் தொங்கியது. என் பைக்கில் ஒரு ஏற்றம் ஏறி வந்த நண்பன் சொன்னதும் அதேதான்: “டேய், இதுல உட்காரல, பின்னாடி கேரியர்ல உட்கார்ந்த மாதிரி இருக்குடா.”

இரண்டாவது ஃப்ரேம் வாங்கும்போது டேப்போடுதான் போனேன். பெயின்ட், ஷாக், பிரேக் எதையும் முதலில் பார்க்கவில்லை. சீட் ட்யூப் 40 செ.மீ., சாய்வு 73 டிகிரி, ட்யூப் உள்ளே வளைவு இல்லை. அதே 40 செ.மீ. போஸ்ட் இப்போது 12.6 செ.மீ. உள்ளே உட்கார்கிறது. சீட் 21.2 செ.மீ. பின்னால். எக்ஸ்சி பைக்கோடு ஒப்பிட்டால் இரண்டரை செ.மீ. தள்ளி, அதில் இரண்டை அடிக்கம்பியிலேயே சரிக்கட்டிவிட்டேன். முழங்கால் வலி அதோடு போனது. அதே வகை பைக், அதே சஸ்பென்ஷன், அதே கியர். மாறியது சீட் நிற்கும் இடம் மட்டும்தான்.

வாங்கப் போகிறவர் ஒரு விஷயத்தில் ஏமாறக் கூடாது. அளவுப் பட்டியலில் போடுகிற சீட் ட்யூப் கோணம் பெரும்பாலும் ஹேண்டில்பார் பக்கத்து ட்யூபின் மேல்முனை உயரத்தில் கணக்கிட்டது. சீட் அதற்கும் ஒரு சாண் மேலே போய் நிற்கும்போது நிஜக் கோணம் அதைவிடப் படுத்திருக்கும். பட்டியலை நம்பாமல் சீட்டை உங்கள் உயரத்துக்கு ஏற்றி, கயிறு கட்டிப் பாருங்கள்.

சரி, இவ்வளவு பாடுபட்டு ஏன் கிராவிட்டி பைக்? நண்பனுடையதைப் போல ஒன்று வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லையே?

இறக்கம்தான் காரணம். அவனுடைய பைக்கும் இறங்கும், வேகமாகவே இறங்கும். ஆனால் அதில் நான் பாதையைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். என்னுடையதில் பாதையோடு விளையாடுகிறேன். பின்சக்கரம் கிராங்குக்கு நெருக்கமாக இருப்பதால் வளைவில் இடுப்பைத் திருப்பினால் போதும், பைக் திரும்பி நிற்கிறது. சின்ன மேடு வந்தால் கையும் காலும் அழுத்தி, மிதிக்காமலேயே வேகம் எடுக்கலாம். கெட்டியான ஷாக் அந்த அழுத்தத்தை விழுங்காமல் திருப்பிக் கொடுக்கிறது. தாவி இறங்கும்போது 100 மில்லிமீட்டரும் தீர்ந்துபோய் ‘டக்’ என்று முட்டினாலும் ஃப்ரேம் முனகுவதில்லை. தொடக்கத்தில் ஷாக் காற்றைப் பந்தயக்காரர் போல இறுக்கி வைத்திருந்தேன். உட்கார்ந்தால் 20 சதவீதம்தான் அமுங்கியது, வேர்கள் மேல் பல் கிட்டியது. 30 சதவீதத்துக்கு இறக்கியதும் பின்சக்கரம் தரையைப் பிடிக்க ஆரம்பித்தது.

வேர்களும் கற்களும் நிறைந்த சமதளத்தில் 29 அங்குலச் சக்கரம் என்னை விட்டுவிட்டுப் போய்விடும். அங்கே வாதமே கிடையாது. கிராங்க் தாழ்வாக இருப்பதால் ஏற்றத்தில் பெடல் கல்லில் இடிக்கும். எந்த நேரத்தில் மிதிப்பதை நிறுத்திக் காலைச் சமமாக வைப்பது என்று கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பருவம் ஆனது. மிகச் செங்குத்தான இடத்தில் முன்சக்கரம் இன்னமும் தூக்கும். சீட்டின் மூக்கு நுனியில் உட்கார்ந்து நெஞ்சைத் தாழ்த்தினால் ஏறிவிடலாம், ஆனால் அழகாக இருக்காது. பராமரிப்பில் எனக்குக் குறை இல்லை. இரண்டு வருடத்தில் பின் சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் பிவட் பேரிங் ஒரு தடவைதான் மாற்றினேன். பயம் ஒன்றே ஒன்று: 26 அங்குலத்துக்கு நல்ல, லேசான டயர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகின்றன. பிடித்த டயர் கிடைத்தால் இரண்டாக வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

புதிதாக, முழுப் பைக்காக வாங்கப் போகிறவரிடம் இந்த வம்பே வேண்டாம் என்பேன். இப்போது வரும் 120 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் கொண்ட, காட்டுப்பாதைக்கான டிரெயில் பைக்குகளில் முன்பக்கம் கிராவிட்டி பைக் போல, சீட் எக்ஸ்சி பைக் போல அமைந்திருக்கிறது. நேராகப் போய் அதை வாங்கலாம். என் பேச்சு, ஏற்கெனவே ஒரு கிராவிட்டி ஃப்ரேம் வைத்திருப்பவருக்கும், கைமாறி வரும் ஒன்றின் மேல் கண் வைத்திருப்பவருக்கும்தான். மண்மேடுகளில் தாவுவதற்கான, பின் சஸ்பென்ஷன் இல்லாத டர்ட் ஜம்ப் பைக்கை இதற்குப் பயன்படுத்தலாமா என்றால், அதன் சீட் முழங்கால் உயரத்தில் இருக்கும். விட்டுவிடுங்கள்.

நீண்ட தூரம் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது. என் பாதைகளில் ஏற்றம் இருபது நிமிடத்துக்கு மேல் ஒரேயடியாகப் போவதில்லை. ஒரு நாளில் நான் ஓட்டிய அதிகபட்சம் 40 கிலோமீட்டர், அதன் கடைசிப் பத்தில் நண்பனின் பைக்கை நினைத்து ஏங்கியதும் உண்மை. அதைவிட நீளமாக ஒரு நாள் வந்தால் அவனிடமே கடன் கேட்டுக்கொள்வேன். இருவருக்கும் கால் அளவு ஒன்றுதான், சீட்டைத் தொடக்கூட வேண்டாம்.