குஞ்சு விடலாமா, வழி விடலாமா? சேர்வராயன் ஓடை மீன்களுக்கு மூன்று வைத்தியம்

ஓடையில் மீன் குறைந்தால் எங்கள் பக்கம் உடனே வரும் யோசனை, பண்ணையில் குஞ்சு வாங்கி விடுவதுதான். செலவு குறைவு, போட்டோவுக்கும் நல்லது. ஆனால் குறைவது எண்ணிக்கை மட்டுமல்ல. ஓடைக்குக் குறுக்கே கட்டிய தடுப்பணைக்கு மேலே மாட்டிய மீன் கூட்டத்தில் முட்டையிட்டு வாரிசு விடுபவை 50தான் என்றால், தலைமுறைக்கு 1 சதவீத மரபணு வேறுபாடு கரையும். வெள்ளத்தில் மேலிருந்து கீழே மீன் இறங்கும், கீழிருந்து ஏறாது. மழைக்காலத்தில் அணையடியில் நின்று பார்த்தால் தெரியும்: கெண்டைகள் சிமெண்டுச் சுவரில் துள்ளி மோதி, திரும்பத் திரும்ப விழும்.

பண்ணைக் குஞ்சு இதைச் சரி செய்யாது. ஆயிரக்கணக்கில் விட்டாலும் எல்லாம் சில தாய்மீன்களின் பிள்ளைகள். தலை கூடும், வகை சுருங்கும். காவிரியில் நடந்ததே சாட்சி. லோனாவாலா பண்ணையில் வளர்த்த, கிருஷ்ணா ஆற்றுப் பக்கத்து நீலத்துடுப்பு மஹ்சீரை (பெரிய கெண்டை வகை மீன்) காவிரியில் விட்டார்கள். காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் ஒடுங்கி, 2018இல் மிக அருகிய இனமாக, அழியும் உயிரினங்களின் உலகச் செம்பட்டியலில் ஏறியது.

பக்கத்து ஓடையிலிருந்து காட்டு மீன் சிலவற்றைக் கொண்டுவந்து விடுவது இதைவிட மேல். தலைமுறைக்கு ஓரிரண்டு புதுமீன் இனப்பெருக்கம் செய்தாலே பெரிய பலன். ஆனால் 'பக்கத்து' என்பதில்தான் சிக்கல். திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரிக்குப் போகின்றன. கிழக்கே வசிஷ்ட நதி வெள்ளாற்றுக்குப் போகிறது. மலை ஒன்றானாலும் ஆற்றுப்படுகை வேறு. ஒன்றின் மீனை மற்றொன்றில் விடக் கூடாது. கிளியூர் அருவிக்கு மேலேயும் கை வைக்காதீர்கள், அது நாம் கட்டிய தடுப்பல்ல.

என் ஓட்டு மூன்றாவதுக்கு: அணையை இடிக்காமல், மீன் ஏறிப் போக ஓரமாகக் கரடுமுரடான கல் பதித்த மென்சரிவு. கிணற்றுத் தண்ணீருக்கும் பங்கமில்லை, யார் போக வேண்டுமென்று மீனே முடிவு செய்யும். கீழே ஆப்பிரிக்கக் கெளுத்தியோ திலேப்பியாவோ இருந்தால் மட்டும் வேண்டாம், அவையும் ஏறும். 1934இல் முடிந்த மேட்டூர் அணைக்கு இந்தச் சரிவெல்லாம் எட்டாது. சேலம் ஊருக்குள் சாக்கடையும் சாயநீருமே சுவர். அங்கே கல் பதித்துப் பயனில்லை.

எதைச் செய்யும் முன்னும் அணையின் இரு பக்க மீன்களின் துடுப்பில் நகக்கண் அளவு வெட்டி எத்தனாலில் போட்டு, மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம், மீன் சாகாது. அணை புதிது என்றால் வித்தியாசம் தெரியாமல் போகலாம். அதை வைத்து அணையால் கெடுதல் இல்லை என்று எழுதிவிடாதீர்கள், சேதம் தெரியப் பல தலைமுறை பிடிக்கும்.