புதுக்கடையில் ஒரு சட்டத்தரணி கந்தோர்: கடன் பாக்கிக்கு வழக்குப் போடப் போகிறவர்களுக்கு

கொழும்பு பழைய சோனகத் தெருவில் எனக்கு ஹார்ட்வெயார் கடை. பெயின்ட்டும் பிவிசி பைப்பும் கடனுக்கு எடுத்த ஒரு கொந்தராத்துக்காரர் காசு தராமல் இழுத்தடிக்க, புதுக்கடை நீதிமன்றப் பக்கமிருக்கும் இந்தக் கந்தோருக்குப் போனேன். குறையும் சொல்ல இருப்பதால் பெயர் வேண்டாம்.

கட்டணம் பேச முன்னரே அங்குள்ள ஜூனியர் தங்கச்சி கேட்டது கடைசி பில்லின் திகதியை. கடனுக்குக் கொடுத்த கடைச் சாமானுக்கு வழக்குப் போட ஒரு வருஷந்தான் காலக்கெடுவாம். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படி. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 6 வருஷம். "தாறன் தாறன் எண்டு அவர் போனில சொன்னது செல்லாது அண்ணா, எழுதிக் கையெழுத்து வைச்சிருக்கோணும்" என்றார்.

பிறகு டெலிவரி நோட்டுகளின் கார்பன் பிரதிகளை மேசையில் பரப்பினார். கையெழுத்து யாருடையது, சைட் பாஸா, கூலியாளா? கையெழுத்தே இல்லாதவற்றைப் புறம்பாக்கி, அவற்றுக்காக எங்கள் லொறி டிரைவரைச் சாட்சிப் பட்டியலில் போட்டார். எதிராளி கோட்டுக்கே வராவிட்டாலும் கடனை நிரூபிப்பது வழக்காளியின் பொறுப்பு என்று அவர் சொன்னபோதுதான், சட்டத்தரணிக்குக் காசு கட்டிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று கடைத்தெருவில் பேசுவதெல்லாம் வெறுங்கதை என்று விளங்கியது.

கந்தோரை நடத்தும் மூத்த சட்டத்தரணி, அதாவது பெரியவரைப் பிடிப்பதுதான் கஷ்டம். ஒரு வழக்குத் தவணையன்று எங்கள் வழக்கைக் கூப்பிடும் நேரமாகியும் ஆளைக் காணோம். வழக்காளி தரப்பில் ஒருவரும் இல்லையென்றால் வழக்கையே தள்ளிவிடலாம். கோட்டை மாட்டிக்கொண்டே ஓடி வந்தார். எனக்கு வேர்த்துப் போயிற்று. போதாததற்கு பிளேன்ட் (நீதிமன்றத்தில் போடும் வழக்கு மனு) முழுக்க ஆங்கிலம். கேட்டால் தமிழில் சொல்கிறார்கள், கேளாவிட்டால் கையெழுத்து மட்டும் வாங்குவார்கள்.

கடைசியில் எதிராளி மாதாமாதம் கட்ட இணங்கினார். நான் வாய்ப்பேச்சோடு விட்டிருப்பேன். பெரியவர் விடவில்லை, இணக்கத்தை நீதிமன்றத்தில் பதிந்து தீர்ப்பாணையாக்கினார். தவறினால் புது வழக்கு வேண்டாம், அதை வைத்தே சொத்தைப் பிடிக்கக் கேட்கலாம். அந்த ஒரு வேலைக்கே கட்டணம் தகும்.

வழக்குத் தவணைக்குத் தவணை கந்தோருக்குக் கொடுக்கும் காசுக்கு ரசீது கேளுங்கள். முகத்தைச் சுளித்தாலும் எழுதித் தருகிறார்கள்.