பொது நூலக இணையதளத்துக்கு ட்ரூபல்: எங்கே உதவும், எங்கே உதைக்கும்

நூலக இணையதளம் என்றதும் நூற்பட்டியலையும் அதற்குள்ளேயே வைத்துவிடலாம் என்று தோன்றும். இணையதள உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருளான ட்ரூபலில் அதைச் செய்ய முடியும், செய்யக் கூடாது. பட்டியலுக்கு கோஹா இருக்கிறது. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு, 2000 ஜனவரியிலிருந்து ஓடும் மென்பொருள் அது. ட்ரூபல் முகப்பில் ஒரு தேடல் பெட்டி வைத்து, வாசகர் இடும் சொல்லை கோஹாவின் தேடல் பக்கத்துக்கு அனுப்பினால் போதும். ‘புதிதாக வந்தவை’ வேண்டுமா? கோஹாவில் ஓர் அறிக்கை எழுதி, அதைப் பொது அறிக்கையாகக் குறித்தால் ஜேசன் என்ற, பிற மென்பொருள்கள் படிக்கக்கூடிய தரவு வடிவில் எடுத்துக்கொள்ளலாம். பழைய வழிகாட்டிகள் சொல்லும், பிற தளங்களின் செய்தியோடையைத் திரட்டும் அக்ரிகேட்டர் மாட்யூலைத் (துணை நிரல்) தேடி அலைய வேண்டாம். ட்ரூபல் 10இல் அது, ட்ரூபலோடு சேர்ந்தே வரும் மையத் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

கிளைகள், திறப்பு நேரம், நிகழ்ச்சிகள், அறிவிப்புகள், படிவங்கள் ஆகியவைதான் ட்ரூபலின் பங்கு. இங்கே அது கெட்டி. ‘கிளை’ ஓர் உள்ளடக்க வகை, ‘நிகழ்ச்சி’ இன்னொன்று. நிகழ்ச்சியில் கிளையின் முகவரியைத் தட்டச்சு செய்யாமல் கிளைப் பதிவையே சுட்ட வேண்டும். கட்டடம் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும், எல்லாப் பக்கத்திலும் மாறிவிடும். திறப்பு நேரத்துக்கு ஆபீஸ் அவர்ஸ் மாட்யூலும் உறுப்பினர் விண்ணப்பத்துக்கு வெப்ஃபார்மும் போதும். அமெரிக்காவின் ஆன் ஆர்பர் மாவட்ட நூலகம் 2005லேயே ட்ரூபலுக்கு மாறியது. நூலகத்துக்கும் இதற்கும் உறவு புதிதல்ல.

நிகழ்ச்சிப் பட்டியலை வியூஸில் (பட்டியல்களை உருவாக்கும் ட்ரூபலின் கருவி) அமைக்கும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். தொடங்கும் தேதியை வைத்து வடிகட்டினால், பத்து நாள் புத்தகக் கண்காட்சி முதல் நாளே பட்டியலிலிருந்து மறைந்துவிடும். முடியும் தேதி இன்றோ அதற்குப் பிறகோ என்றுதான் வடிகட்ட வேண்டும். அடுத்தது கேச், அதாவது விரைவாகக் காட்டுவதற்காகச் சேமித்துவைக்கும் பக்க நகல். உள்நுழையாத வாசகர்களுக்காகச் சேமித்த பக்கம், உள்ளடக்கத்தில் யாராவது கை வைத்தால்தான் புதுப்பிக்கப்படும். நேரம் கடந்தது என்பதற்காக அது அசையாது. அதனால் நேற்றைய கதைநேரம் இன்றும் வாசகருக்குத் தெரியும். உள்நுழைந்திருக்கும் பணியாளருக்கோ சரியான பட்டியல் தெரியக்கூடும். அப்படியானால் ‘எனக்குச் சரியாகத்தானே வருகிறது’ என்ற பதிலோடு புகார் அங்கேயே நின்றுபோகும். நள்ளிரவு தாண்டியதும் சர்வரின் கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓட்டும் வசதி) வழியே கேச்சைத் துடைக்கும்படி வைப்பதே எளிய வழி.

தமிழ்த் தளத்துக்கு இன்னும் கொஞ்சம் வேலை உண்டு. பல மொழி வசதி மையத் தொகுப்பிலேயே இருப்பது பெரிய வரம். ஆனால் உடன் வரும் தேடல் முழுச் சொல்லைத்தான் பார்க்கும். ‘நூலகம்’ என்று தேடினால் ‘நூலகத்தில்’ என்று எழுதிய பக்கம் கிடைக்காது. மூன்று எழுத்துக்குக் குறைந்த சொற்களை அட்டவணையில் சேர்க்காததும் அதன் இயல்பு. யூனிகோடில் (கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுக் குறியீட்டு முறை) ‘பூ’, ‘தீ’ இரண்டும் இரண்டே குறிகள் என்பதால் விடுபடும். அந்த எண்ணைக் குறைத்துவிடலாம். வேற்றுமை உருபுச் சிக்கலுக்கு சர்ச் ஏபிஐ மாட்யூலைப் போட்டு, சொல்லின் பகுதியையும் பொருத்தும்படி வைத்தால் ‘நூலக’ என்ற தேடலுக்கு இரண்டும் வரும். ‘நூலகம்’ என்று முழுதாக இட்டால் ‘நூலகத்தில்’ உள்ள பக்கம் அப்போதும் வராது. தேடல் பெட்டிக்குக் கீழே ஒரு வரிக் குறிப்பு போடுங்கள்.

பக்க முகவரியைத் தமிழில் விட்டால், பகிரும்போது ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். ‘நூலகம்’ மட்டும் 54 எழுத்து. அறிவிப்புப் பலகையில் அச்சிடும் பக்கங்களுக்காவது ஆங்கிலத்தில் சிறு முகவரியைக் கையால் கொடுங்கள். வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த பழைய அறிக்கைகளை அப்படியே ஒட்டினால் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

இனி, பட்ஜெட்டில் யாரும் எழுதாத பகுதி: பராமரிப்பு. ட்ரூபல் 11க்கு, அது எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியின் 8.3 பதிப்பு தேவை. மலிவான பகிர்வு சர்வரில், ட்ரூபலின் பாகங்களை நிறுவிப் புதுப்பிக்கும் கருவியான கம்போசர் நினைவகம் போதாமல் பாதியில் நிற்கும். சொந்தக் கணினியில் கட்டமைத்துப் பிறகு ஏற்றுவது மேல். பாதுகாப்புத் திருத்தங்கள் புதன்கிழமைகளில் வரும், அதாவது நமக்குப் புதன் இரவு. தரவுத்தள நகல் எடு, கம்போசரில் புதுப்பி, தரவுத்தள மாற்றங்களை ஓட்டு, கேச்சைத் துடை என்பது வரிசை. தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2014 அக்டோபர் 15 சாட்சி: அன்று அறிவித்த ஓட்டையை ஏழு மணி நேரத்துக்குள் அடைக்காத தளங்கள் கைப்பற்றப்பட்டதாகவே கருத வேண்டும் என்று ட்ரூபல் பாதுகாப்புக் குழுவே சொன்னது. ட்ரூபல் 7க்கான ஆதரவு 2025 ஜனவரி 5இல் முடிந்தது. அதிலிருந்து 11க்கு வருவது புதுப்பிப்பு அல்ல, வீடு மாறுவது. புதிய தளம் எழுப்பி உள்ளடக்கத்தை இடம்பெயர்க்க வேண்டும்.

ஐந்தாறு கிளையும், வாரம் பல நிகழ்ச்சியும், புதன் இரவைக் கவனிக்க ஓர் ஆளும் இருந்தால் ட்ரூபலை எடுக்கலாம். ஒரே கட்டடம், மாதம் இரண்டு அறிவிப்பு என்றால் வேர்ட்பிரஸ் போதும். அதில் இரண்டாம் மொழிக்கு மட்டும் பாலிலாங் போன்ற செருகியைத் தனியே சேர்க்க வேண்டியிருக்கும்.