வாழ்க்கைத் திறன் முகாம்: கட்டணம் 4,500 ரூபாய், தகுமா?

ஒன்பதாம் வகுப்பு முடித்த பேத்தியைக் கோடை விடுமுறையில் மதுரையில் ஒரு வாழ்க்கைத் திறன் முகாமில் சேர்த்தோம். இரண்டு வாரம், காலை பத்து முதல் ஒரு மணி வரை. டி-ஷர்ட்டுக்கு 350 ரூபாய் தனி. குறையும் சொல்லப் போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இப்படிப்பட்ட முகாம்கள் இப்போது தெருவுக்கு ஒன்று முளைத்திருப்பதால், சேர்க்கும் முன் என்ன விசாரிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

முதல் சில நாட்கள் வீண். உலக சுகாதார நிறுவனம் தொண்ணூறுகளில் வகுத்த பத்துத் திறன்களைத் திரையில் போட்டார்கள்: தன்னை அறிதல், பிறர் துன்பத்தை உணர்தல், முடிவெடுத்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் என்று நீளும் பட்டியல். பட்டியலில் குறை இல்லை. அதை நோட்டில் எழுத வைத்து மறுநாள் ஒப்பிக்கச் சொன்னார்களே, அதுதான் கொடுமை. "அம்மாச்சி, உணர்ச்சிகளைக் கையாளுதல் எத்தனையாவது?" என்று பேத்தி மனப்பாடம் செய்துகொண்டே கேட்டபோது, கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று யோசித்தேன்.

கேட்காமல் விட்டதற்குக் காரணம் அடுத்து வந்த பயிற்றுநர் அம்மையார். அவர் வகுப்பில் திரையும் இல்லை, நோட்டும் இல்லை. பெற்றோர் பின்வரிசையில் உட்காரலாம் என்றார்கள், உட்கார்ந்தேன். பிள்ளைகளை இருவர் இருவராக நிறுத்தினார். ஒருவர் வற்புறுத்த வேண்டும், மற்றவர் மறுக்க வேண்டும். பேத்தியிடம் எதிரே நின்ற பெண், "தோழிதானே, உன் போன் பாஸ்வேர்டைச் சொல்" என்றாள். பேத்தி நெளிந்துகொண்டே, "அம்மா திட்டுவார்" என்றாள். "உன் மறுப்புக்கு அம்மாவை ஏன் காவலுக்கு நிறுத்துகிறாய்?" என்றார் பயிற்றுநர். அடுத்து, "நாளைக்குச் சொல்கிறேன்" என்றாள். அதுவும் செல்லவில்லை. கடைசியில் நிமிர்ந்து பார்த்து, "சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே" என்றாள். "முதல் பாதி போதும், கோபம் வந்தால் அது அவள் பாடு" என்றார். எங்கள் தலைமுறைப் பெண்கள் எவருக்கும் இதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அதே வகுப்பில் 1098 குழந்தைகள் உதவி எண்ணையும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தையும் விளக்கினார். பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகளுக்கும் அந்தச் சட்டம் பாதுகாப்பு தருகிறது என்றதும் பையன்கள் பக்கம் சலசலப்பு அடங்கிவிட்டது.

பண வகுப்பு பாதி நன்று. ஸ்கேன் செய்வது பணம் கொடுக்கத்தான், வாங்க அல்ல. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை. பழைய சைக்கிளை இணையத்தில் விற்கும் பையனை ஏமாற்றுபவன் எப்படிப் பேசுவான் என்று நடித்தே காட்டினார்கள். பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் சொன்னார்கள். ஆனால், மைனர்கள் தனியாகக் கணக்கே தொடங்க முடியாது என்று அந்த வகுப்பை எடுத்த இளைஞர் அடித்துச் சொன்னதை, வங்கிக் கவுண்டரிலேயே தலை நரைத்த என்னால் பொறுக்க முடியவில்லை. பத்து வயது நிரம்பியவர் தாமே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எடுத்துச் சொன்னேன். மறுநாள் எல்லாப் பிள்ளைகள் முன்னும் திருத்திச் சொன்னார். அந்தப் பண்பு எனக்குப் பிடித்திருந்தது.

பெரிய குறை ஒன்று. வளரிளம் பருவ வகுப்பு என்றதும் பையன்களைக் கிரிக்கெட் ஆட அனுப்பிவிட்டார்கள். மாதவிடாயைப் பற்றிப் பையன்கள் அறிய வேண்டாமா? நாளை இவர்கள்தானே அண்ணன், கணவன், மேலதிகாரி? கேட்டதற்கு, "பெற்றோர் ஆட்சேபிப்பார்கள்" என்று பதில் வந்தது. மறுப்புக்கு அம்மாவைக் காவலுக்கு நிறுத்துவது பிள்ளைகள் மட்டுமல்ல போலிருக்கிறது. பையன்கள் சட்டைப் பொத்தான் தைக்கக் கற்றுக்கொண்டார்கள், அதுவரை சரி.

கடைசி நாள் பெற்றோர் கூட்டத்தைத் தயங்காமல் தவிர்க்கலாம். உங்கள் பிள்ளை ஒரு சிங்கம் என்பதை ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு, அடுத்த நிலைப் பயிற்சிக்கு விண்ணப்பம் நீட்டுகிறார்கள்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சேர்க்கலாம், அந்த அம்மையார் வருகிறாரா என்று உறுதிசெய்துகொண்டு. இடைவேளைக்கு பப்ஸ் மட்டுமே கிடைக்கும், டப்பாவில் ஏதாவது கொடுத்தனுப்புங்கள். ஒரே வீட்டிலிருந்து இருவர் சேர்ந்தால் சலுகை உண்டு, கேட்டால்தான் சொல்கிறார்கள்.