ஸ்னோஃப்ளேக்குடன் நான்கு வருடம்: பெருங்குடி ஆபீசிலிருந்து

எங்களுடையது மருந்து விநியோகத் தொழில். கடைகளின் பில், ஸ்டாக், ரிட்டர்ன் எல்லாம் ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுட் டேட்டா தளத்தில்தான் வந்து சேர்கிறது. 2021 முதல் அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வாங்க நினைப்பவர்கள் முதலில் வேகத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வேகத்தில் எனக்குக் குறையே இல்லை. வேலை இல்லாத நேரத்தில் அது ஓய்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

முன்பு எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய சர்வர். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு ரிப்போர்ட் எடுத்தால் குடோனில் திரை அப்படியே நின்றுவிடும். "அண்ணா, யாரோ பெரிய க்வெரி போட்டுட்டாங்க, கொஞ்சம் நிறுத்துங்க" என்று போன் வரும். க்வெரி என்றால் டேட்டாவிடம் கேட்கும் கேள்வி. ஸ்னோஃப்ளேக்கில் டேட்டா தனியாக இருக்கிறது, அதைக் கணக்கிடும் இயந்திரங்கள் தனி. அந்த இயந்திரத் தொகுப்புக்கு வேர்ஹவுஸ் என்று பெயர். கணக்குக்கு ஒன்று, குடோனுக்கு ஒன்று, இரவு லோடிங்குக்கு ஒன்று என்று பிரித்தோம். அதோடு அந்த போன் நின்றது.

அப்புறம் காசு. ஸ்னோஃப்ளேக் கட்டணத்தை கிரெடிட் என்ற அலகில் கணக்கிடுகிறது. மிகச் சிறிய சைஸான எக்ஸ்-ஸ்மால் வேர்ஹவுஸ் ஓடினால் மணிக்கு 1 கிரெடிட். சைஸ் ஏற ஏற இரட்டிப்பு: ஸ்மால் 2, மீடியம் 4, லார்ஜ் 8. நொடிக்கணக்கில்தான் பில், ஆனால் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் குறைந்தது 60 நொடிக்குக் கட்டணம் உண்டு.

2023 பொங்கலுக்கு நான்கு நாள் லீவு. ஆபீஸ் சுவரில் இருந்த டிவியில் விற்பனை டேஷ்போர்டு ஓடிக்கொண்டே இருந்தது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை அது புதுப்பித்துக்கொள்ளும். வேர்ஹவுஸ் 10 நிமிடம் சும்மா இருந்தால்தான் ஓயும். அப்படியென்றால் எப்போது ஓயும்? ஒரே க்வெரி திரும்ப வந்தால், டேட்டாவும் மாறாமல் இருந்தால், 24 மணி நேரம் வைத்திருக்கும் பழைய விடையையே அது தந்துவிடும், வேர்ஹவுஸ் எழும்பத் தேவையில்லை. ஆனால் எங்கள் க்வெரியில் தற்போதைய நேரத்தைக் கேட்கும் ஒரு வரி இருந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட்டது. அது லார்ஜ் சைஸ், ஒரு நாளுக்கு 192 கிரெடிட், நான்கு நாளில் 768. யாருமே பார்க்காத திரைக்கு.

இப்போது டிவிக்குத் தனி எக்ஸ்-ஸ்மால், மணிக்கு ஒருமுறை புதுப்பிப்பு, 60 நொடியில் ஓய்வு. ஆனால் எல்லாவற்றுக்கும் 60 நொடி வைக்காதீர்கள். வேர்ஹவுஸ் ஓய்ந்தால், வேகத்துக்காக அது கையில் வைத்திருக்கும் டேட்டா நகலும் (cache) போய்விடும். கணக்குப் பிரிவில் ஒரே டேபிளைத் திரும்பத் திரும்பத் துழாவுவார்கள், அவர்களுக்கு 5 நிமிடம் விட்டிருக்கிறேன். கிரெடிட் செலவுக்கு வரம்பு வைக்கும் ரிசோர்ஸ் மானிட்டரும் போட்டுவிடுங்கள்: வரம்பில் 75 சதவீதத்தைத் தொட்டால் மெயில், 100-ல் நிறுத்தம். ஸ்னோபைப் (வரும் ஃபைல்களைத் தானாக லோட் செய்யும் வசதி) மாதிரி, நம் வேர்ஹவுஸ் இல்லாமலே ஓடும் சர்வர்லெஸ் வேலைகளின் செலவு அதில் அடங்காது, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

சின்ன சைஸ்தான் சிக்கனம் என்பதும் சரியில்லை. எங்கள் மாதாந்திர ஸ்டாக் ஒப்பீடு மீடியத்தில் 40 நிமிடம் ஓடியது. மெமரி போதாமல் டிஸ்க்குக்கு வழிந்துகொண்டிருந்தது. லார்ஜில் 18 நிமிடத்தில் முடிந்தது. கணக்குப் போட்டால் மீடியத்துக்கு 2.67 கிரெடிட், லார்ஜுக்கு 2.4.

எனக்கு மிகவும் பிடித்தது டைம் டிராவல், அதாவது டேட்டாவின் பழைய நிலைக்குத் திரும்பிப் போகும் வசதி. டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருநாள் நிபந்தனை வரி இல்லாமல் அப்டேட் ஓட்டிவிட்டான். எல்லாக் கடைகளின் கடன் வரம்பும் ஒரே எண்ணாகிவிட்டது. அவன் கை நடுங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த க்வெரியின் ஐடியை எடுத்து, அதற்கு முந்தைய நிலையிலிருந்து டேபிளை க்ளோன் (நகல்) செய்தோம். டீ ஆறுவதற்குள் முடிந்தது. இயல்பாக 1 நாள்தான் பின்னோக்கிப் போகலாம். என்டர்பிரைஸ் எடிஷனில் 90 நாள் வரை வைக்கலாம், முக்கிய டேபிள்களுக்கு நாங்கள் 30 வைத்திருக்கிறோம். பழைய பிரதிகளுக்கும் சேமிப்புக் கட்டணம் உண்டு, அதனால் இடைநிலை டேபிள்களை, பழைய பிரதிகளை அதிகம் வைக்காத டிரான்சியன்ட் வகையில் போடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரி, பெருங்குடிப் பக்கமெல்லாம் தண்ணீர், ஆபீசுக்குப் போகவே முடியவில்லை. எங்கள் டேட்டா ஆபீசில் இல்லை, கிளவுடின் மும்பை ரீஜியனில், அதாவது அங்குள்ள டேட்டா மையங்களில் இருந்தது. டீமில் கரன்ட் இருந்தது ஒரே ஒரு அக்கா வீட்டில். போன் ஹாட்ஸ்பாட்டில் உள்ளே போய், எந்தக் குடோனில் எவ்வளவு இன்சுலின் இருக்கிறது என்று எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதை வைத்துத்தான் தண்ணீர் ஏறாத குடோன்களிலிருந்து அன்று மதியம் வண்டிகள் கிளம்பின.