மிஸ்டா, மங்கி ஐலண்டா? புதிர் கேமுக்குப் புதியவனின் ஒப்பீடு

சுடுவதும் துரத்துவதும் இல்லாத கேமை மணிக்கணக்கில் எப்படித்தான் ஆடுகிறார்களோ என்று கேலி செய்துகொண்டிருந்தவன் நான். போன மாதம் அடுத்தடுத்து இரண்டை முடித்துவிட்டேன். ஒன்று, 1990-இல் வந்த ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’. நான் ஆடியது 2009-இன் சிறப்புப் பதிப்பு. இன்னொன்று, 1993-இல் வந்த ‘மிஸ்ட்’. அதன் 2021 மறுஆக்கம். புதியவர்களுக்குப் பலரும் கைகாட்டுவது முதலாவதை. என் ஓட்டு மிஸ்டுக்கு.

படமும் இசையும் இரண்டிலும் நன்றாகவே இருக்கின்றன. கதையும் சிரிப்பும் வேண்டுமென்றால் மங்கி ஐலண்ட்தான். மிஸ்டில் ஆளில்லாத் தீவும் சில புத்தகங்களும்தான் துணை. செத்துச் செத்து விளையாடும் தொல்லை இரண்டிலும் இல்லை. (மங்கி ஐலண்டின் நாயகன் கைபிரஷ், பத்து நிமிடம் மூச்சடக்குவேன் என்று பீற்றிக்கொள்வான். அவனைக் கடலுக்கடியில் அதற்கு மேல் விட்டுவைத்தால் மட்டும் கதை வேறு.)

எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றே: மாட்டிக்கொண்டால் என்ன ஆகிறது? இந்த வகை கேமில் பாதி நேரம் மாட்டிக்கொண்டுதானே கிடக்கிறோம்.

மங்கி ஐலண்டில் மாட்டினால், பையில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் கண்ணில் படுகிற எல்லாவற்றின் மேலும் வைத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். நடுவில் கப்பி வைத்த ரப்பர் கோழி ஒன்று கிடைக்கும். அதைக் கம்பியில் மாட்டிச் சறுக்கிக்கொண்டு பக்கத்துத் தீவுக்குப் போக வேண்டும். பெயரிலேயே கப்பி இருக்கிறது, குற்றம் என்னுடையதுதான். ஆனாலும் விடையைக் கண்டுபிடித்தது நான் இல்லை, என் மவுஸ். போதாததற்கு, சிறப்புப் பதிப்பில் ஒரு விசையை அழுத்தினால் குறிப்பு வந்துவிடும். முதல் நாள் வைராக்கியமாக இருந்தேன். மூன்றாம் நாள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விரல் தானாக அங்கே போயிற்று.

மிஸ்டில் நிலைமை வேறு. பை என்று ஒன்று இல்லாததால் எதையும் எதன் மேலும் தேய்த்துப் பார்க்க வழியில்லை. ஆரம்பத்திலேயே ஒரு கடிதம் கிடக்கும்: தீவில் எத்தனை அடையாள விசைகள் இருக்கின்றன என்று எண்ணி, அந்த எண்ணை ஒரு கருவியில் போடு. சுற்றி வந்து எண்ணினால் எட்டு. இதிலேயே கேம் தன் போக்கைச் சொல்லிவிடுகிறது: சுற்றிப் பார், எழுதி வை, யோசி. அந்தக் காலத்தில் பெட்டிக்குள் ஒரு வெற்று நோட்டையே வைத்துக் கொடுத்தார்கள். எனக்குப் பதினான்கு பக்கம் ஆயிற்று.

தீவின் புத்தகங்கள் வழியே வேறு உலகங்களுக்குப் போகலாம். அவற்றில் மரவீடுகள் இருக்கும் சானல்வுட் உலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்கள் பிரியும் இடங்களில் வால்வைத் திருப்பி, தண்ணீரை லிஃப்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே பின்தொடரலாம். அங்கே மாட்டிக்கொண்டபோதும், எனக்கு என்ன தெரியவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. கணினியை அணைத்த பிறகும் நோட்டை வைத்துக்கொண்டு யோசிக்க முடிந்தது. கோழியை வைத்துக்கொண்டு அப்படி என்ன யோசிப்பது?

மிஸ்டிலும் என்னைப் படுத்தியவை உண்டு. ஓரிடத்தில் பியானோ போன்ற கட்டைகளை அழுத்தி, அதே சுருதி வரும்படி நெம்புகோல்களை நகர்த்த வேண்டும். எனக்கு ஸ்வர ஞானம் பூஜ்யம்; கடைசியில் குருட்டாம்போக்கில்தான் திறந்தது. அப்புறம் அந்த நிலத்தடிச் சுரங்கப் பாதை. எந்தத் திசையில் போவது என்று சத்தம்தான் சொல்லும். அந்தச் சத்தங்களின் பொருளோ வேறொரு உலகத்தில் இருக்கிறது. அங்கே போகாமல் நேராக இங்கே வந்து இரண்டு மாலைகளைத் தொலைத்தேன்.

ஒருமுறை விடை தெரிந்துவிட்டால் மறுபடி ஆட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2021 பதிப்பில் சில விடைகளை மாற்றிப்போடும் வசதி இருக்கிறது, நான் முயன்று பார்க்கவில்லை. இரண்டு கேமை வைத்து ஒரு வகையையே எடைபோடுகிறேன் என்பதும் நினைவிருக்கட்டும். மிஸ்டின் அடுத்த பாகமான ‘ரிவன்’ இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன்.

மங்கி ஐலண்டில் ஒரு புதிருக்கு மட்டும் முழு மதிப்பெண்: வசைச் சண்டை. வாள்வீச்சில் ஜெயிப்பது கையால் இல்லை, எதிராளியின் கிண்டலுக்குச் சரியான பதிலடி கொடுத்து. வழியில் அகப்படும் கொள்ளையர்களிடம் தோற்றுத் தோற்றே வசைகளையும் பதில்களையும் கற்றுக்கொள்ள வேண்டும். கடைசியில் மோத வேண்டிய வாள் தலைவி, நாம் கேட்டிராத புது வசைகளாக விடுவாள். தெரிந்த பதில்களையே அவற்றுக்குப் பொருத்த வேண்டும். அந்த ஒரு இடத்தில் குறிப்பு விசையைத் தொடவே இல்லை.